வியாகுல மாதாவின் கூந்தல்

“மாதாவுக்கு முடி வளருமா?”

கிளாரித்தா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தபசுகாலம் முடியப்போகும் நாட்கள். வீட்டுக்குப் பின்னால், அடிபம்பை ஒட்டிய மாமர நிழலில் இசிங் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் வியாகுல மாதா சுரூபத்தின் கூந்தலைப் போட்டு, எருமைக்கொம்புச் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தலை அலசுகிற கூகோப் பட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரை அவள் முழங்கையில் இன்னும் காயவில்லை. நிறுத்திப் பிடித்தால் முழங்கால் வரை வரும் கூந்தல் அது. நிழலில் கறுப்பு. வெயில் விழுந்த இடத்தில் துலக்காத செம்பின் நிறம்.

பக்கத்தில் மூங்கில் பெஞ்சில் உட்கார்ந்து பெர்பெத்துவா மாதாவின் கைக்குட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் கேட்ட கேள்வியைப் பதில் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லாதவள். அன்று அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இசிங்தான் சொன்னாள்: “வளராது கண்ணு. குடுத்தது குடுத்ததுதான். வளர்ந்தா மாசாமாசம் நான்ல அலசணும்? என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?”

பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடிப்போனது. பெர்பெத்துவாவின் ஊசி மட்டும் ஒரே துளையில் மூன்று தடவை ஏறி இறங்கியது.

பம்பங்கா மாகாணத்தில் ஆற்றோரம் இருக்கிற சான் இலாரியோவில் பெரிய வெள்ளிக்கு ஏழு தேர்கள் புறப்படும். ஒவ்வொரு சுரூபமும் ஒரு வீட்டின் பொறுப்பு. கத்போந்தோன் வீட்டுக்கு வியாகுல மாதா. முகமும் கைகளும் தந்தம், உடம்பு மரச்சட்டம். எந்தத் தலைமுறையில் வந்தாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஜப்பான்காரன் இருந்த காலத்தில் நெற்குதிருக்குள் மூன்று வருடம் கிடந்தாள். மலை வெடித்துச் சாம்பல் சேறு ஆறாக வந்த வருடம், பன்றிகள் போயின, பீரோ போயிற்று, வீட்டின் கீழ்த்தளமே மண்ணுக்குள் போயிற்று. மாதா மட்டும் ஜீப்னி வண்டியில் ஏறி வந்தாள். தலை பெர்பெத்துவாவின் மடியில், கைகள் அவள் தம்பி பெர்த்திங்கின் மடியில்.

பெர்த்திங்குக்கு ஜீப்னிப் பட்டறை. தேரின் சக்கரத்துக்கு மசகு போடுவதும் விளக்கு கட்டுவதும் அவன் வேலை. மனைவி ஜெட்டாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மகள் கிளாரித்தாவை வளர்ப்பது அக்கா பெர்பெத்துவாதான். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. துணி துவைக்க வருகிற இசிங், தன் தாய்க்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள். மாதாவின் உள்ளுடுப்பு, மேலாடை, கூந்தல் எல்லாம் ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அவள் கைக்குப் போகும். தபசுகாலத்தில் இன்னொரு தடவை போகும். அலசி, உலர்த்தி, வெட்டிவேர் வைத்த பெட்டியில் அடுக்கித் திரும்பி வரும். ஆனால் மாதாவுக்கு உடுத்துகிற அறைக்குள் இசிங் காலெடுத்து வைத்ததில்லை. அது வீட்டுப் பெண்களுக்கு மட்டும். அதிலும் கடைசியாகக் கூந்தலை வைப்பது பொறுப்பேற்றவள் ஒருத்திதான், கதவைச் சாத்திக்கொண்டு. தலை மொட்டையாக இருக்கிற மாதாவை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

பிள்ளை அப்படிக் கேட்டு இரண்டு வருடம் கழித்து, ஒரு தபசுகால வெள்ளிக்கிழமை, ஆயர் இல்லத்திலிருந்து ரொவேனா என்று ஒரு பெண் வந்தாள். அக்கம்பக்கத்து ஊர்களில் பழைய சுரூபங்கள் திருட்டுப் போய்க்கொண்டிருந்தன. தலைநகரத்தில் எவர் வீட்டு வரவேற்பறையிலோ அவை அலங்காரத்துக்கு நிற்பதாகப் பேச்சு. அதனால் எந்த வீட்டில் எந்தச் சுரூபம், உடுப்பு யார் கொடுத்தது, கிரீடம் யார் செய்தது என்று ஒவ்வொன்றையும் படத்தோடு பதிந்துவைக்க ஆயர் சொல்லியிருந்தார். நூறு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அதில் எழுதியதுதான் பேசும் என்றாள் ரொவேனா.

மதியம் அவளையும் சாப்பிட உட்காரவைத்தார்கள். முருங்கைக்கீரை போட்ட பச்சைப்பயறுக் குழம்பு, சுட்ட கருவாடு, சோறு. ரொவேனா ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் கரண்டியுமாக இருந்தாள்.

“கூந்தல் நிஜ முடிங்களா, தாரா?” என்று கேட்டாள். கிளாரித்தா அத்தையைத் தாரா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்படியே கூப்பிட்டாள்.

பெர்பெத்துவா பதில் சொல்லுமுன், அக்காவை அச்சி என்று கூப்பிடுகிற பெர்த்திங் முந்திக்கொண்டான். “நிஜ முடியாவா! எங்க அச்சி தலையில வளர்ந்ததும்மா அது. பதினாறு வயசுல இவங்களுக்கு டைபாயிடு. சாமியார் வந்து, சாகப்போறவங்களுக்குக் குடுக்கிற அவஸ்தைப்பூசுதல்கூட குடுத்துட்டுப் போயிட்டாரு. எங்கம்மா முழங்கால்ல விழுந்து, ‘எம் பொண்ணு பொழச்சா அவ கூந்தல் உனக்கு’ன்னு நேர்ந்துக்கிட்டாங்க. பொழச்சாங்க. அறுத்துக் குடுத்துட்டாங்க. அப்ப எனக்கு மூணு வயசு, எனக்கு ஞாபகமில்ல. ஆனா ஊர்ல யாரை வேணா கேளு.”

“போதும், சாப்பிடு,” என்றாள் பெர்பெத்துவா.

“இவங்களப் பொண்ணு கேட்டு வந்தவனெல்லாம் பெரிய வெள்ளிக்கு மாதா கூந்தலப் பாத்துட்டு வந்தவன்தான். இங்க வந்து தலையப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்.”

“உன்னைக் கட்டுனவ எதைப் பாத்து வந்தாளோ. கருவாட்டுல முள்ளு இருக்கு, பாத்துத் தின்னு.”

கிளாரித்தாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. ரொவேனாவும் சிரித்தபடி எழுதினாள்.

“பேரு எங்கயாவது இருக்கா? சும்மா சொல்றதுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல.”

“கூந்தலுக்கு உள்பக்கம் நாடாவுல எங்கம்மா கையால தெச்சிருக்காங்களே, பேரும் வருஷமும். பொம்பளைங்க பாத்திருக்காங்க. எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல.”

ரொவேனா பெர்பெத்துவாவின் முகத்தைப் பார்த்தாள். பெர்பெத்துவா தலையை அசைத்தாள். நாடாவில் பேர் இருப்பது உண்மைதான். ‘கூந்தல் கொடுத்தவர்: பெர்பெத்துவா கத்போந்தோன், 1968’ என்று தாளில் ஏறியது.

இசிங் அந்த நேரம் துணிக்குப் போடும் கஞ்சிப் பானையை எடுக்கப் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். ரொவேனா அவளைக் கூப்பிட்டு, “நீங்கதான் துவைக்கிறவங்களா? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க,” என்றாள்.

இசிங் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். இரண்டாம் வகுப்போடு நின்றவள். அவளுக்கு எழுதவும் படிக்கவும் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதை மேசைமேல் குனிந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். இசித்ரா.

“என்ன அச்சி இசிங், நம்ம தேரைவிட மெதுவாப் போகுது,” என்றான் பெர்த்திங்.

“தேரு அவசரப்பட்டா மாதால்ல விழுவா. உன் ஜீப்னியா இது, விழுந்தா நிமித்தி வச்சுக்க?”

கஞ்சிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மேசையில் பேசியதை அவள் கேட்டிருப்பாள் என்று பெர்பெத்துவாவுக்குத் தெரியும். தாள் மேசைமேல் இருந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை வந்து பெர்பெத்துவாவின் கையெழுத்தை வாங்கிக்கொள்வதாக ரொவேனா சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பதினாறு வயதில், காய்ச்சல் விட்ட மூன்றாம் வாரம் பெர்பெத்துவாவின் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. சீப்பு வைத்த இடமெல்லாம் வந்தது. அம்மா அதைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு துணியில் சேர்த்தாள். முறிந்து முறிந்து வந்ததில் எதுவும் ஒரு சாணுக்குமேல் நீளமில்லை. நேர்ந்தாயிற்று, கொடுக்க முடியவில்லை. அம்மா ஜெபமாலையும் கையுமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒருநாள் காலையில் அம்மா ஒரு பொதியைக் கொண்டுவந்து கட்டிலில் அவிழ்த்தாள். துவைக்க வருகிறவளின் மகள் இசிங்கின் கூந்தல். அந்தத் தெருவுக்கே தெரிந்த கூந்தல். “கேட்டா உன்னுதுன்னு சொல்லு,” என்றாள் அம்மா. வேறெதுவும் சொல்லவில்லை. துணியோ அரிசியோ கொடுத்து வாங்கியிருப்பாள் என்று பெர்பெத்துவா நினைத்துக்கொண்டாள். அம்மா சாகும்வரை அவள் அதைக் கேட்கவில்லை.

ஊர் மெச்சியது. முக்காட்டோடு கோயிலுக்குப் போன பெண்ணைக் கிழவிகள் நெற்றியில் முத்தமிட்டார்கள். ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு பெண்கள் தலை மொட்டையானால் யாராவது கணக்குப் போடுவார்களே. குழாயடியில் பள்ளிக்கூடத்துப் பெண்கள், “இசிங்குக்கு என்னடி ஆச்சு?” என்று கேட்டபோது, பெர்பெத்துவா நினைக்கக்கூட இல்லை, வாயில் வந்தது. “பேன்.”

ஒரு சொல்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவளுக்குப் பேன் இசிங் என்று பேர். கோயிலில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் தூணோரம் நின்று பூசை கண்டாள். முடி தோளுக்கு இறங்கின பிறகும் தூணோரமே பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறாள்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலை பெர்பெத்துவா இஞ்சிக் கஷாயம் இரண்டு குவளையில் எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனாள். அப்போதே வெயில் சுள்ளென்று இருந்தது. மரத்திலிருந்து பிஞ்சுகள் உதிர்ந்து மணலில் கிடந்தன. கவிழ்த்த சட்டியில் கூந்தல் ஈரமாக இருந்தது.

“வெல்லம் போட்டிருக்கியா அச்சி?” என்றாள் இசிங்.

“போட்டிருக்கேன்.”

“போன தடவ போடல. கஷாயம் குடிச்சேனா, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேனான்னு தெரியல.”

பெர்பெத்துவா உட்கார்ந்தாள். “இசிங், அந்தத் தாள்ல என் பேரு இருக்கு.”

“கேட்டுச்சு.”

“நான் ரொவேனாகிட்ட சொல்லப்போறேன். பெர்த்திங்கிட்டயும் சொல்லப்போறேன். உன் பேரைப் போடச் சொல்லப்போறேன்.”

இசிங் சீப்பை நிறுத்தவில்லை. “எதுக்கு?”

“எதுக்கா? அம்பது வருஷமா ஊரு என்னைத் தூக்கி வச்சிருக்கு. உன்னுத எடுத்து நான் பூண்டிருக்கேன்.”

“மாதால்ல பூண்டிருக்கா. நீ எங்க பூண்ட?”

“வெளையாடாத. எங்கம்மா உனக்கு என்ன குடுத்து வாங்குனாங்கன்னுகூட நான் கேக்கல.”

அப்போதுதான் சீப்பு நின்றது. இசிங் அவளைத் திரும்பிப் பார்த்தாள். “வாங்குனாங்களா? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நானா நெனச்சேன்.”

“இத்தனை வருஷமா அப்படியா நெனச்சிட்டிருந்த?” இசிங் குவளையைக் கையில் எடுத்துக் குடிக்காமல் வைத்திருந்தாள். “உனக்கு அவஸ்தைப்பூசுதல் குடுத்துட்டாங்கன்னு எங்கம்மா அழுதுகிட்டே வந்தா. உன் பழைய சட்டையெல்லாம் எனக்குத்தான் வரும். நீ பள்ளிக்கூடத்துல படிச்சத பம்பு பக்கத்துல உக்காந்து எனக்குச் சொல்லுவ. மண்ணுல குச்சியால என் பேர எழுதிக் காமிச்சது யாரு? நீதான. அந்தப் புள்ள செத்துருமான்னு இருந்துச்சு. கோயிலுக்குப் போயி, ‘இவளை விட்டுரு, என் முடிய எடுத்துக்க’ன்னேன். எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு? உங்கம்மா நேர்ந்தது எனக்குத் தெரியாது. நீ பொழச்சதும் நானா அறுத்துக்கிட்டுப் போயி உங்கம்மா முன்னாடி வச்சேன். அந்தம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.”

கோழி ஒன்று வந்து மாம்பிஞ்சைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

பெர்பெத்துவா குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “பேன்னு சொன்னது நான்தான் இசிங்.”

“தெரியும்.”

“தெரியுமா? எப்பலேர்ந்து?”

“அன்னிக்கேதான். நீ குழாயடியில சொல்லும்போது நான் செவத்துக்கு இந்தப் பக்கம் துவைச்சிட்டிருந்தேன்.”

“மாதாவே.” பெர்பெத்துவா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். “ஒரு வார்த்த நீ கேக்கலியே.”

“கோவம் இல்லாம இருக்குமா? ஒரு வருஷம் உன் பாவாடைக்கு மட்டும் கஞ்சி போடாம விட்டேன்.”

பெர்பெத்துவா கையை எடுத்தாள். “நீயா? அந்த வருஷமெல்லாம் என் பாவாடை கால்ல சுத்திக்கிட்டே கெடந்துச்சு. எங்கம்மா அரிசி மோசம்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போனாங்க!”

“கடைக்காரன் பாவம். அவனுக்காகவும் ரெண்டு ஜெபமால சொல்லிட்டேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பெர்பெத்துவா அழுதாள். இசிங் அவள் முழங்காலில் ஈரக் கையை வைத்தாள்.

“அச்சி, நான் சொல்றதக் கேளு. தாள்ல என் பேரு வேண்டாம். நான் மாதாகிட்ட காதோட காதா சொன்னது அது. ஊரு முன்னாடி வச்சா, இத்தனை நாளு அதுக்குக் கூலி எதிர்பாத்து நின்ன மாதிரி ஆயிடும். உங்கம்மாவையும் ஊரு வாயில போடணுமா? மண்ணுக்குள்ள இருக்கறவங்க வந்து பதில் சொல்ல முடியுமா?”

“அப்ப பொய்யி அப்படியே நிக்கணுமா?”

“அது உன் பாடு, மாதா பாடு. எனக்கு இந்த முடி காயணும். நகரு, வெயில மறைக்கிற.”

சனிக்கிழமை ரொவேனா வந்தாள். பெர்பெத்துவா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த வரிய மாத்திக் குடும்மா,” என்றாள். “கூந்தல் கொடுத்தது: இவ்வீட்டு மகள் ஒருத்தி. இவ்வளவு போதும். என் பேரு வேண்டாம்.”

“ஏன் தாரா? பேரு இருந்தாத்தானே பின்னால வர்றவங்களுக்குத் தெரியும்?”

“இல்லம்மா. அப்படியே எழுது.”

ரொவேனா வரியை அடித்து மாற்றி எழுதினாள். கண் கலங்கிவிட்டது அந்தப் பெண்ணுக்கு. “நான் போன வீட்லயெல்லாம் பேரை இன்னும் பெருசா எழுதச் சொல்வாங்க. உங்கள மாதிரி ஒருத்தரைப் பாக்கல.”

“எங்க அச்சி அப்படித்தான்!” என்றான் பெர்த்திங். மாலையில் பட்டறைக்கு வந்தவர்களிடம் சொன்னான். மறுநாள் குருத்தோலையோடு வந்த பெண்கள் பெர்பெத்துவாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது பெயர் சொல்லாமல் அவள் பக்கம் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெர்பெத்துவா தலை நிமிரவில்லை. கழற்றிவைக்கப் போன நகை கழுத்தில் இன்னும் இறுகியது போலிருந்தது. தூணோரம் இசிங் குருத்தோலையால் கிளாரித்தாவுக்கு ஒரு வெட்டுக்கிளி பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இடம் இருந்தது. இருந்தும் அவள் நின்றாள்.

பெரிய வெள்ளியன்று ஊரில் அடுப்பு எரியவில்லை. முந்தின நாள் செய்த தேங்காய்ப்பால் கிழங்குப் பாயசத்தைத்தான் எல்லோரும் தின்றார்கள். முச்சந்திப் பந்தலில் சிலுவைப் பாடுகளின் பாட்டு மூன்றாம் நாளாக ஒலிபெருக்கியில் இழுத்துக்கொண்டிருந்தது. குரல்கள் கட்டிப்போயிருந்தன. பெர்த்திங் தேர் விளக்குகளைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்துப் பார்த்தான். அவன் சட்டை முழுக்க மசகு.

மதியத்தில் சித்தப்பா வீட்டுப் பெண்களும் வந்து மாதாவுக்கு உடுத்தினார்கள். வெள்ளை உள்ளுடுப்பு, அதன்மேல் கறுப்பு வெல்வெட், வெள்ளிச் சரிகை. தந்தக் கைகளைப் பொருத்தி, விரல்களுக்கிடையில் புதிய கைக்குட்டையைச் செருகினார்கள். பிறகு வழக்கப்படி எல்லோரும் வெளியே போனார்கள். கடைசியாகப் போன கிளாரித்தா கதவருகில் நின்றாள்.

“தாரா, நானும் இருக்கட்டா?”

“நீ இதுக்குப் பொறுப்பேத்துக்கற அன்னிக்கு இரு. இப்ப போயி அப்பாவ சட்டை மாத்தச் சொல்லு.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னல் சிப்பிக் கண்ணாடி வழியாக மூன்று மணி வெயில் மங்கலாக விழுந்தது. மொட்டைத் தலையோடு மாதா நின்றாள். அந்தக் கோலத்தில் மாதாவின் முகம் ஒரு சின்னப் பெண்ணின் முகம் போல இருக்கும் என்பது பெர்பெத்துவாவுக்கு மட்டும் தெரியும். காய்ச்சலிலிருந்து எழுந்த பெண் போல. அல்லது கோயில் தூணோரம் நிற்கிற பெண் போல.

பெட்டியைத் திறந்தாள். வெட்டிவேர் வாசம் வந்தது. கூந்தலை எடுத்து மடியில் திருப்பிப் போட்டாள். உள்பக்கத்து நாடா பழுத்து மஞ்சளாகியிருந்தது. நீல நூலில் அம்மாவின் நெருக்கமான தையல். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசிமுனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் பிரித்தாள். அம்மா கெட்டியாகத் தைத்திருந்தாள். நூல் துணுக்குகளை எண்ணுவது போல இடதுகை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டாள். ஓட்டைகள் மட்டும் நாடாவில் வரிசையாக நின்றன. வருடத்தைத் தொடவில்லை. அது உண்மைதான்.

வெளியே பெர்த்திங், “அச்சி, ஆச்சா? நம்ம தேருதான் கடைசி,” என்று கத்தினான்.

“ஆகும், ஆகும்,” என்றாள்.

அதே நீலத்தில் புது நூல் கோத்தாள். பழைய ஓட்டைகளின் மேலேயே தைத்தாள். மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டியபோது எழுதின அதே பெரிய எழுத்துகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், படிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்காக எழுதுவது போல. இசித்ரா. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கூந்தலை மாதாவின் தலையில் வைத்து, நெற்றியில் சரிபார்த்து, இடது பிடரியில் எப்போதும் சுருண்டுகொள்ளும் அந்த ஒரு புரியை விரலால் நீவிவிட்டாள். அதன்மேல் கறுப்பு முக்காடு. அதன்மேல் கிரீடம். நாடா மறைந்துவிட்டது. பெட்டியை மூடினாள். திங்கட்கிழமை அந்த நாடா கூந்தலோடு மாமரத்தடிக்குப் போகும், இசிங்கின் கைக்கு. உள்ளங்கையிலிருந்த நூல் துணுக்குகளைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெர்பெத்துவா தாழ்ப்பாளை நீக்கினாள்.